ஆணிக்குத் தனி

கிரைண்டர் வாங்கக் கடன் என்றதும்
மாவு மில்லா என்றார் வங்கி மேலாளர்.
இல்லை சார், மரத்தின் தூரை அரைக்கிற கிரைண்டர்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.
'இதர' என்று போட்டுக்கொண்டார்.

மரம் வெட்ட எங்களிடம் எல்லாம் உண்டு.
ரம்பம் நாலு, வடம், இடுப்புப் பட்டை,
உச்சியில் நின்று பீடி கேட்கும் ஒச்சு.
வேலை முடிந்து காசு வாங்கும்போதுதான்
வீட்டுக்காரர் செருப்பால் தட்டிக் கேட்பார்:
"அப்ப இது?"
தரையோடு தரையாய் இருக்கும் அது,
வட்டமாய், ஈரமாய்,
பத்திரத்தில் பேர் விட்டுப்போன பங்காளி மாதிரி.

கடப்பாரை என்றால் மூன்று ஆள், இரண்டு நாள்.
ஜேசிபி என்றால் தூரோடு காம்பவுண்டும் வரும்.

கப்பலூரில் துளசிராம் கடையில் மூன்று வண்டி நின்றன.
சின்னது பெட்ரோல், மூன்று லட்சத்து இருபது.
வேம்பை நக்கும், புளியிடம் போனால் இருமும்.
பெரியது பதினோரு லட்சம். யானை.
யானை நுழைய நரிமேட்டில் சந்து இல்லை.
அவர் எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்,
நான் டேப்பை எடுத்து அகலத்தை அளந்தேன்.
கே.கே. நகர் கேட் மூன்றடி.
எல்லீஸ் நகரில் இரண்டே முக்கால்,
அதுவும் பைக்கை வெளியே எடுத்தால்.
நடு வண்டி முப்பத்தோரு அங்குலம்.
ஐந்து அறுபது, ஜி.எஸ்.டி. தனி.

"பல்லு?"
"இருபத்துநாலு. ஒண்ணு எழுநூத்தம்பது."
"எத்தனை நாள் வரும்?"
"அது மரத்தைப் பொறுத்தது, மேடம்."

ஓட்டிக் காட்டச் சொன்னேன்.
கடைக்குப் பின்னால் ஒரு புளி,
முழங்கால் உயரம் விட்டு வெட்டியிருந்தார்கள்.
சக்கரம் இடமும் வலமும் போய்வர
வெளிறிய தூள் பறந்தது,
பிறகு நாவல் பழ நிறத்தில்.
ஒச்சு துண்டால் முகம் மூடிச் சிரித்தான்.

அப்புறம் ஒரு சத்தம்,
பாத்திரக் கடையில் அண்டா சரிந்ததுபோல.

பல் ஒன்றின் மூக்கு உடைந்திருந்தது.
குனிந்து ஒச்சு உருவி எடுத்தான்:
ஒரு சாண் ஆணி, தட்டைத் தலை,
அதில் சுற்றி, மரம் விழுங்கிய ஏதோ ஒன்று.
"முடி" என்றான். அதோடு பேச்சில்லை.

பேய் பிடித்தவள் என்று யாரையோ
அடிமரத்தில் சாய்த்து உட்காரவைத்து
உச்சிக் கொத்தை முடிந்து அறைந்திருக்கிறார்கள்.
மிச்சத் தலையோடு அவள் எழுந்து நடந்திருப்பாள்,
திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள்.
மரம் மட்டும் அங்கேயே நின்று
வருஷா வருஷம் ஆணியைச் சுற்றிப் பருத்தது.

துளசிராம்தான் வாய் திறந்தார்.
"இந்தப் பல்லு உங்க கணக்குல, மேடம்."
"பேய் உங்க இடத்துலல்ல இருந்துச்சு?"
"ஆணி மரத்துல இருந்துச்சு."
"மரம் எங்க இருந்துச்சு?"
முந்நூற்று எழுபத்தைந்தில் முடிந்தது, ஆளுக்குப் பாதி.
உபரிப் பல் ஐந்தும் அதிலேயே பேசிவிட்டேன்.
ஒச்சு முடியைப் பள்ளத்தில் தள்ளி
தூளைக் காலால் இழுத்து மூடினான்.

திருநகர் தாண்டும்போது
மடியில் வைத்து விலைப்பட்டியல் எழுதினேன்.
தவணை பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
மாதம் இருபத்தைந்து தூர் வராவிட்டால்
வண்டி என்னை அரைக்கும்.
அங்குலத்துக்கு எழுபது ரூபாய்,
அகலமான இடத்தில் அளந்து, வேர்ப்புடைப்பும் சேர்த்து.
தென்னைக்கு ஐம்பது.
தூள் உங்களுக்கே.
கல், கம்பி இருந்தால் பல்லுக்குத் தனி.
கீழே 'ஆணிக்கும்' என்று எழுதி
அடித்து
மறுபடி எழுதினேன்.

"உள்ள இருக்கறது எப்படிக்கா தெரியும்?"
"கேக்கணும்."
"யாருகிட்ட?"

டாஷ்போர்டில் ஆணி உருண்டுகொண்டே வந்தது.
ஒச்சு அதைத் தொடவில்லை.
பசுமலை இறக்கத்தில் என் காலடியில் விழுந்தது,
எடைக்குப் போட்டால் ஒரு ரூபாய் பெறாது.
கைப்பையில் போட்டுக்கொண்டேன்,
நாளைக்கு அய்யர் பங்களாவில் ஒரு புளி,
அந்த வீட்டு அம்மாவிடம் காட்டிக் கேட்க:
இந்த மாதிரி எதுவும்
உங்கள் மரத்தில் உண்டா?